பதினொரு சென்டிமீட்டர்

ஹங்கேரியில், திஸா நதியில் போய் விழும் ஒரு சிற்றாற்றங்கரை.
பம்பு வீட்டுச் சாவி வெந்தெலிடம் இருந்தது.
முப்பத்தோரு வருடமாக அவர் வேலை
வந்த நீரை வழியனுப்புவது.
பனி உருகியதும் டீசல் ஊற்றி
மோட்டாரை உதைத்து எழுப்பி
வயலின் காலில் ஈரம் படாமல்
ஆற்றுக்கே திருப்பிக் கொட்டுவது.

நான் போனது குழாய்களோடு.
மண்ணுக்குள் மூன்று மீட்டர் இறங்கும் பிளாஸ்டிக் குழாய்,
அடியில் சல்லடைக் கண்.
நிலத்தடி நீர் எந்த ஆழத்தில் முகம் காட்டுகிறதென்று
வியாழன்தோறும் நாடாவை விட்டு அளப்பேன்.
நாற்பது குழாய்கள். முப்பத்தொன்பது சொன்ன பேச்சைக் கேட்டன.
பதினேழாம் எண் மட்டும்
கணினி போட்ட கோட்டுக்கு மேலேயே நின்றது,
மார்ச்சிலும் சரி,
சோளம் கருகிய ஆகஸ்டிலும் சரி.
கருவி பழுது என்று எழுதினேன்.
மறுமாதமும் அதையே எழுதினேன்,
பேனா கொஞ்சம் தயங்கியது.

“பதினேழா?” என்றார் வெந்தெல்,
சூரியகாந்தித் தோலைத் துப்பிவிட்டு.
உள்ளே போய் எண்ணெய்க்கறை படிந்த நோட்டுகளை அள்ளிவந்தார்.
தேதி, மணி, எத்தனை லிட்டர்.
சில நாட்களின் ஓரத்தில் மட்டும்
பென்சிலில் சின்னதாய் ஒரு வளைவு.
“அம்புருஷ் வயலை வடித்த நாள்கள்.
ஒன்பது மணி நேரம் கூடுதலாக ஓடும்.
மேலே சொன்னேன். டீசல் திருடுகிறாய் என்றார்கள்.
அதற்கப்புறம் பென்சில்தான்.”

ஆற்றை நேராக்குமுன் வரைந்த ராணுவ வரைபடத்தை
பம்பின் மூடிமேல் விரித்தோம்.
இன்றைய சோளத்துக்கு நடுவே,
பதினேழை உரசிக்கொண்டு,
அதே வளைவில் ஓர் ஆறு படுத்திருந்தது.
தூர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

வெள்ளம் வருமுன் அணை போடு என்பார்கள்.
நாங்கள் வெள்ளம் வருமுன் கரையை வெட்டினோம்.
எட்டு மீட்டர் வாய், அதில் ஒரு மதகு,
அப்பால் அறுநூறு ஹெக்டேர் பள்ளம்.
அதில் பதினான்கு அம்புருஷுடையது.
கையெழுத்திட்ட நாளில் அவர் யாரோடும் பேசவில்லை.
ஈட்டுப் படிவத்தில் ‘நிலத்தின் பயன்பாடு’ என்ற கட்டத்தில்
தாள் கிழியும் அழுத்தத்தில்
‘நீர்’ என்று எழுதினார்.
கொசுவுக்கு என்ன ஈடு என்று கேட்டாள் அவர் மகள் எமோக்கே.
எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

ஏப்ரலில் ஓர் இரவு ஆறு ஏறியது.
வெந்தெல் திருகுசக்கரத்தைப் பற்றினார்.
நீரை வெளியேற்றியே பழகிய கை
மூடும் பக்கம் ஒரு சுற்றுச் சுற்றி,
நின்று,
ஒரு கெட்ட வார்த்தையைச் சொல்லிவிட்டு
திறக்கும் பக்கம் திரும்பியது.
நீர் ஆர்ப்பரிக்கவில்லை.
இருட்டில் சொந்த வீட்டு ஸ்விட்சைத்
தடவாமல் தொடும் விரலைப் போல
வளைவு வளைவாகப் போய் நிறைந்தது.

பன்னிரண்டு கிலோமீட்டர் கீழே நகரம்.
கணக்கிட்டதைவிட அங்கே
பதினொரு சென்டிமீட்டர் குறைவு.
ஒரு காப்பிக் கோப்பையின் உயரம்.
மருத்துவமனை ஜெனரேட்டருக்கும் நீருக்கும் நடுவே
அன்றிரவு மிஞ்சியது நான்கு விரற்கடை.
விடிந்ததும் பேருந்துகள் ஓடின,
ரொட்டிக்கடை திறந்தது.
நடக்காத ஒன்றைச்
செய்தியாக யார் போடுவார்கள்?

ஆகஸ்டில் மழை இல்லை.
பள்ளத்தைச் சுற்றிய சோளம் பச்சையாகவே நின்றது.
எங்கிருந்தோ ஏழு கரண்டிவாயன்கள் வந்தன.
பதினேழாம் குழாய்க்கு இப்போது படகில்தான் போகவேண்டும்;
துடுப்பு அம்புருஷ் கையில்.
நாணல் என்ன விலை போகும் என்று கேட்டார்.
தெரியாது என்றேன். தெரிந்துகொண்டு வா என்றார்.

கரையில் எமோக்கே முழங்கை வரை சட்டையைச் சுருட்டிக் காட்டினாள்.
“இன்றைக்கு இருபத்துமூன்று கடி.
இதையும் எழுதிக்கொள்.”

புதிதாக ஒரு கட்டம் போட்டு
எழுதிக்கொண்டேன்.